தெரிந்த கீரை

கந்தசஷ்டிக்குக் காப்புக் கட்டிய மறுநாள் கல்யாணசுந்தரிக்கும் அவள் புருசன் அய்யாத்துரைக்கும் தெருக் கேட்கச் சண்டை வந்தது. விரதம் இருக்கிற வாயால் கடுஞ்சொல் பேசக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வாய் அடங்கவில்லை.

அய்யாத்துரையின் தம்பி சுடலைராஜ் சிவகாசியில் குடியிருந்தான். பொண்டாட்டியின் தம்பிக்குப் பிரித்திகாவைக் கேட்டு வந்திருந்தான். மாப்பிள்ளைக்கு அச்சாபீசில் வேலை. குணமான பையன்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பிரித்திகாவுக்குக் கோவில்பட்டிக் கல்லூரியில் இன்னும் ஒரு வருசப் படிப்பு பாக்கி இருந்தது. பொண்டாட்டியையும் கேட்கவில்லை, மகளையும் கேட்கவில்லை. தம்பி கேட்டான் என்று அய்யாத்துரை சரி என்று தலையை ஆட்டிவிட்டான்.

கல்யாணசுந்தரி வாசலைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டாள்.

“யாரக் கேட்டு வாக்குக் குடுத்திய? நான் தீப்பெட்டி ஆபீஸ்ல நெஞ்சு கரியக் கரிய உக்காந்து படிக்க வச்சது இதுக்கா? நீங்க கண்ண மூடுனாத்தான் எம்புள்ள படிச்சு முடிக்கும்!”

அடிகுழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். சுடலைராஜும் கேட்டான். கோபத்தில் வருகிற சொல்; ஓடைக்கரைப்பட்டியில் புருசனை அப்படிச் சொல்லாத பொம்பளை யார் இருக்கிறாள்? அய்யாத்துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் வரும்போது கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. விரதக்காரி வேறு எதையும் தொடமாட்டாள் என்று வாங்கி வந்திருந்தான். அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த வாழைப்பழத்துக்குப் பதில் சொல்லத்தான் மறுநாள் காலையில் அவள் கீரை பறிக்கப் போனாள்.

ஐப்பசி மழை நன்றாகவே பிடித்திருந்தது. மழை கண்ட கரிசலில் ஒவ்வோர் அடிக்கும் காலில் மண் அப்பிக்கொண்டு வரும். குச்சியால் வழித்துவிட்டு வழித்துவிட்டுத்தான் நடக்கவேண்டும். கழுகுமலை ரோட்டுக்குப் போகிற வண்டிப்பாதைக்கு இருபுறமும் மக்காச்சோளம் முழங்காலுக்கு மேலே நின்றது. அதன் ஊடேயும் வரப்பிலும் யாரும் விதைக்காதது அத்தனையும் முளைத்துக் கிடந்தது. சாரணத்தி தரையோடு படர்ந்திருந்தது. பண்ணைக்கீரை குருத்து விட்டிருந்தது. மண்ணுக்குள் கிழங்காய்க் கிடந்த அதலை கொடி வீசிப் பூ வைத்திருந்தது; இன்னும் பத்துப் பதினைந்து நாளில் காய்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தொய்யக்கீரை. பூ வைத்துவிட்டால் தண்டு நார் அடித்துவிடும். பூ வைக்குமுன் நுனியை மட்டும் கிள்ளிக் கடைந்தால் அய்யாத்துரை கறிச்சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு அதைத் தின்பான்.

கோபாலசாமியின் காட்டு வரப்பில் அது கொத்துக் கொத்தாக நின்றது. குனியுமுன் அவள் வழக்கம்போலப் பார்க்க வேண்டியதைப் பார்த்தாள். மருந்து அடித்த காட்டுக்கு அடையாளம் உண்டு. மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு போனவனின் கால்தடம் சால் சாலாகப் பதிந்திருக்கும். வரப்பில் காலி பாட்டில் கிடக்கும். விவரமானவர்கள் ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று ஒரு குச்சியை நட்டு அதில் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அங்கே பாட்டிலும் இல்லை, குச்சியும் இல்லை. ஈர மண் ஒரு தடமும் படாமல் மொழுமொழுவென்று கிடந்தது.

வாடை பார்க்க அவளுக்கு மூக்குக் கிடையாது. தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குகிற அறையில் இருந்து இருந்து அது செத்துப்போய் வெகுகாலம் ஆயிற்று. வீட்டில் பால் தீய்ந்தாலும் மகள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். மடி நிறையக் கிள்ளிக்கொண்டு வந்தாள்.

மூன்று தண்ணீர் விட்டு அலசினாள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், நாலு வத்தல் போட்டு வேகவைத்து, மத்தால் மசியக் கடைந்தாள்.

“ஏட்டி, உப்புப் பாரு.”

பிரித்திகா தலை சீவிக்கொண்டிருந்தவள் கையை நீட்டி ஒரு கரண்டி வாங்கி நக்கினாள். “சரியா இருக்கும்மா. லேசாக் கசக்கோ?”

“மழைக்குக் கெளம்புன எளங்கீரை. அப்பிடித்தான் இருக்கும்.”

அய்யாத்துரை சுடுசோற்றில் குழி பறித்துக் கீரையை ஊற்றி, மேலே நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தான். இரண்டு வாய் தின்றபிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்.

“சண்ட போட்ட கைக்கு இம்புட்டு ருசி இருக்கும்னா தெனமும் போடலாமே.”

“சோத்தத் தின்னுங்க.”

“படிக்கட்டும். ஒரு வருசம் பொறுன்னு தம்பிட்ட சொல்லுதேன். போதுமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் சட்டியில் இருந்ததையும் வழித்து அவன் தட்டில் போட்டாள். அவன் கைகழுவி எழுந்ததும் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

அய்யாத்துரைக்கு மரக்கடையில் லோடு இறக்குகிற வேலை. பஸ்ஸுக்குப் போனவன் பாதி வழியில் திரும்பி வந்தான். சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. “வயித்தப் பெரட்டுதுட்டி” என்று சொல்லிக்கொண்டே வாசலில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சாய்ந்தான். வாயில் எச்சில் நூல் நூலாக ஒழுகியது. கையும் தொடையும் தோலுக்குள் புழு நெளிகிறதுபோலத் துடித்தன. அவனைத் தூக்கப் போனவள், உள்ளே பிரித்திகா ஓங்கரித்து வாந்தி எடுக்கிற சத்தத்தைக் கேட்டாள்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் அய்யாத்துரையின் கண்ணைப் பிதுக்கி லைட் அடித்துப் பார்த்தார்.

“கண்மணி ஊசி முனை மாதிரி இருக்கு. என்ன பூச்சிமருந்து குடிச்சார்?”

“ஒண்ணும் குடிக்கல சார். கீரை தின்னாவ. கீரையும் சோறும்தான்.”

“பொண்ணு?”

“உப்புப் பாத்தா.”

“நீங்க?”

“நான் விரதம் சார். சஷ்டி.”

டாக்டர் லைட்டை அணைத்துவிட்டு ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் திரும்பி, போலீசுக்குத் தகவல் சொல்லச் சொன்னார். அன்றைக்கு மத்தியானமே இரண்டு பேரையும் ஆம்புலன்சில் திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

சுடலைராஜ் சிவகாசியிலிருந்து நேரே அங்கே வந்துவிட்டான். கண்ணாடிக்கு வெளியே நின்று அண்ணன் வாயில் குழாயைப் பார்த்தான். திரும்பி மதினியிடம் வந்தபோது அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“மதினி, கீரை தின்னு செத்தவன் இந்தச் சீமையில உண்டா?”

“கீரை நல்ல கீரைதான் தம்பி. எப்பிடின்னே எனக்குத் தெரியல.”

“நல்ல கீரைன்னா நீங்க ஏன் திங்கல?”

“வெரதம்யா. ஊருக்கே தெரியுமே.”

“ஊருக்கு இன்னொண்ணும் தெரியும். அண்ணன் கண்ண மூடணும்னு முந்துன நாளு நடுத்தெருவுல நின்னு நீங்க சொன்னது. எங்காதால கேட்டேன்.”

அவள் சுவரில் முதுகை வைத்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

தீப்பெட்டி ஆபீசில் அவளோடு வேலை பார்க்கிற பாத்திமுத்து சோறும் மாற்றுச்சேலையும் கொண்டு வந்தாள். இரண்டு பேரும் குமரியாக இருந்த காலத்திலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவர்கள். மழைக்காலத்தில் கல்யாணசுந்தரி கொண்டு வருகிற கீரையில் பாதி பாத்திமுத்து வீட்டுக்குத்தான் போகும்.

“தின்னுட்டி. நீயும் விழுந்துட்டா அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?”

“எறங்கலக்கா.”

“நான் இத்தன வருசமா ஒங்கையால வாங்கித் தின்னுருக்கேன். என் மவன் பாலோட சேத்துத் தின்னது அதத்தான். யாரு என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். கேட்டுக்கோ.”

அன்றைக்குக் கல்யாணசுந்தரி அழுதது அந்த ஒரு தடவைதான்.

பிரித்திகாவுக்கு மறுநாளே தெளிந்துவிட்டது. விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: “எங்கம்மாவுக்குத் தெரியாத கீரை இந்தக் கரிசல்ல கெடையாது சார். கண்ணக் கட்டி விட்டாலும் தடவிப் பாத்தே சொல்லிருவா. தப்பா ஒரு எலகூடப் பறிக்க மாட்டா.” தாய்க்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்தது. போலீஸ்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கோபாலசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். காடு அவருடையது. ஊரில் நல்ல மனுசர் என்று பேர். ஆர்லிக்ஸ் பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, “தாயி, ஒரு வார்த்த” என்று வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

“முந்துன நாள் சாயங்காலம் காட்டுக்கு மருந்து விட்டது தாயி. படைப்புழு குருத்தத் தின்னு தீத்துட்டு. தெளிக்க ஆளு கெடைக்கல. ட்ரோன்காரப் பயலுவள வரச்சொன்னேன். ரோட்டுல நின்னுக்கிட்டே பறக்க விட்டானுவ. காட்டுக்குள்ள ஒருத்தனும் கால் வைக்கல.”

அவளுக்கு மொழுமொழுவென்று கிடந்த ஈர மண் கண்ணுக்குள் வந்தது.

“கடைசியில டேங்க்ல கொஞ்சம் மிச்சம் கெடந்தது. இருட்டப் போவுதுன்னு மிசின வரப்பு மேலயே நிப்பாட்டி ஒரே எடத்துல அடிச்சுத் தீத்தானுவ. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். வரப்புதானேன்னு விட்டுட்டேன். ஏமி சேசேதி தாயி... ஏமி சேசேதி...” மனம் கலங்கினால் அவருக்கு வீட்டுப் பேச்சான தெலுங்கு வந்துவிடும். என்ன செய்வேன், என்ன செய்வேன் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“டாக்டர்ட்ட சொல்லுங்க அண்ணாச்சி. என்ன மருந்துன்னு தெரிஞ்சாப் பொழைக்க வைப்பாவல்லா?”

“பேரச் சொல்லிட்டேன். வந்ததும் அதத்தான் செஞ்சேன். எங்க பக்கம் எல்லாரும் இதத்தான் அடிக்கோம், இதா இருக்கும்னு சொன்னேன்.”

“போலீஸ்ட்ட?”

கோபாலசாமி மரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

“எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைய இருக்கு தாயி. ஒரு உசுரு போனா கேஸ் சும்மா விடாது. அந்த ட்ரோன்காரனுவ அன்னைக்கு வரவே இல்லன்னு சொல்லப்போறானுவ. நானும் கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன். இப்பமே சொல்லிட்டேன். என்னைய நம்பி நீ நிக்கக் கூடாது பாரு.”

“பொறவு எதுக்கு அண்ணாச்சி எங்கிட்ட வந்து சொல்லுதிய?”

“சொல்லாம எனக்குச் சோறு எறங்கல” என்றார்.

அவர் போனபிறகும் அவள் அங்கேயே நின்றாள். ஒன்று நினைவுக்கு வந்தது. மழைக்காலத்தில் வரப்புச் செடியை விலக்கினால் வெட்டுக்கிளி விர் விர்ரென்று முழங்காலில் வந்து மோதும். அன்றைக்கு ஒன்றுகூடத் துள்ளவில்லை. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் மனதில் வாங்கவில்லை. மனமெல்லாம் வாழைப்பழத்தின்மேல் இருந்தது.

சூரசம்ஹாரத்தன்று மத்தியானம் அய்யாத்துரை போய்ச் சேர்ந்தான். கடைசிவரை அவனுக்கு நினைவு வரவில்லை. அறுத்துக் கட்டிக் கொடுத்த உடம்பை ஊருக்குக் கொண்டுவந்து, தூறலோடு தூறலாக எரித்தார்கள். கொள்ளி வைத்துவிட்டு வந்த சுடலைராஜ் ஈரத்துண்டோடு ஸ்டேஷனுக்குப் போய் மதினிமேல் எழுதிக் கொடுத்தான்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“உடம்புல பூச்சிமருந்து இருக்குன்னு வந்திருக்கு. நீ சமைச்சே. நீ திங்கல. சட்டியையும் கழுவிட்டே.”

“சட்டிய எல்லாரும்தான் கழுவுவோம் சார்.”

“புருசன் சாகணும்னு சொல்லியிருக்கே.”

“கோவத்துல சொன்னது.”

“சரி. கீரையில தப்பான தழை ஏதும் கலந்திருக்குமா?”

“கலக்காது சார். அது தொய்யக்கீரை. எனக்குத் தெரியும். மேல மருந்து விழுந்திருக்கு. கோபாலசாமி அண்ணாச்சி காட்டுல முந்துன நாள் ட்ரோன் விட்டுருக்காவ.”

“அவரக் கேட்டாச்சு. விடலன்னு சொல்லுதாரு. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரங்களும் பாக்கலன்னு சொல்லுதாங்க. மண்ணை எடுத்து அனுப்பலாம்னா அதுக்கப்புறம் மூணு மழை அடிச்சுக் கழுவிட்டுப் போயிட்டு. உன் மகளே உனக்குத் தெரியாத கீரை கெடையாதுன்னு சொல்லியிருக்கு. எல்லாம் தெரிஞ்சவ கையில வெசம் எப்படி வந்தது?”



ஏட்டம்மா அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அவளும் விளாத்திகுளத்துப் பக்கத்துக் கரிசல்காரிதான்.

“இந்தா பாரு அக்கா. நீ செஞ்சிருப்பேன்னு எனக்குத் தோணல. ஆனா ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, தெரிஞ்சு செஞ்சே. இல்ல, தெரியாமச் செஞ்சே. மூணாவது வழிக்குச் சாட்சி இல்ல. எனக்குக் கீரை அவ்வளவாத் தெரியாது, ஏதோ வெசத்தழை, மருந்து பட்ட தழை, எதையோ அறியாமப் பறிச்சுட்டேன்னு சொல்லு. கொழுந்தனும் கேஸை வாபஸ் வாங்கிருவான். இல்லன்னா உள்ள போயிருவே. பொண்ணு தனியா நிக்கும்.”

வெளியே புளியமரத்தடியில் பாத்திமுத்துவும் பிரித்திகாவும் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணசுந்தரி பாத்திமுத்துவைத் தனியே அழைத்து ஏட்டம்மா சொன்னதைச் சொன்னாள்.

“சொல்லாதட்டி” என்றாள் பாத்திமுத்து. “தெரியாதுன்னு ஒரு தடவ ஒத்துக்கிட்டேன்னா பொறவு ஒனக்கு என்னதான் தெரியும்னு சொல்லப் போற? வக்கீல் வச்சுப் பாப்போம். கோபாலசாமி காலப் புடிப்போம்.”

“அவரு மாட்டாருக்கா. எங்கிட்டயே சொல்லிட்டாரு.”

“அல்லா இருக்கான்.”

“இருக்கான் அக்கா. நான் உள்ள போயிட்டா அவளச் சுடலைராஜ் கூட்டிட்டுப் போயிருவான். இப்பமே கல்யாணம் முடிக்கணும்னு நின்னவன். நான் வெளிய இருந்தாத்தான் அவ படிப்பா.”

பாத்திமுத்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

சுடலைராஜையும் பிரித்திகாவையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் இன்ஸ்பெக்டர் கேட்டார். கல்யாணசுந்தரி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எனக்குக் கீரை அவ்வளவாத் தெரியாது சார். எல்லாரும் பறிக்காவன்னு நானும் பறிப்பேன். அன்னைக்கு அரைக்கண்ணுல போனேன். எதையோ சேத்துப் பறிச்சுட்டேன்.”

“அறியாம நடந்தது.”

“அறியாம நடந்தது சார்.”

பிரித்திகா தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தாள். கல்யாணசுந்தரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் சொன்னது அத்தனையும் கலைந்துபோகும் என்று அவளுக்குப் பயம்.

அதற்குப் பிறகு ஊர் அவளிடம் நல்லபடியாக நடந்துகொண்டது. வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனவர்கள் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். “தெரியாமச் செஞ்சதுக்கு என்ன செய்ய மதினி, எங்கண்ணன் விதி” என்று சுடலைராஜ் சொன்னான். அவன் அழுதான், அது மெய்யான அழுகை. அடிகுழாயில் அவளுக்கு வரிசை விட்டுக் கொடுத்தார்கள். ஆனால் காட்டுக்குக் கிளம்புகிற பெண்கள் அவள் வீட்டைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தினார்கள். “அந்த அத்தையாட்டம் கண்டதையும் பறிச்சுட்டு வந்துராதீய” என்று ஒருத்தி மகளுக்குப் புத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பிரித்திகா அடுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. “நீ இரும்மா, நான் பொங்குதேன்” என்றுதான் அது தொடங்கியது. ஒருநாள் கல்யாணசுந்தரி வைத்த புளிக்குழம்பு அப்படியே இருந்தது. மகள் வெறுஞ்சோற்றில் மோர் ஊற்றித் தின்றுவிட்டு எழுந்தாள். கோபம் இல்லை. ஒரு சொல் குத்தலாகச் சொல்லவில்லை. குழம்புச் சட்டியை அந்தப் பிள்ளை மூடி போட்டுத் தள்ளி வைத்ததைத் தாய் பார்த்தாள்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. மறுநாள் காலையில் பிரித்திகா பையில் துணியை அடுக்கினாள்.

“எங்கட்டி?”

“சித்தப்பா வரச்சொல்லுதாவ. சிவகாசிக்குப் போறேன்.”

“காலேஜு?”

“போதும்மா. இங்கன இருக்க முடியல.” அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்த மாமாவையே கட்டிக்கிடுதேன்னு சொல்லிட்டேன்.”

கல்யாணசுந்தரி பையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏட்டி, நான் சொல்லுததக் கேளு. ஸ்டேஷன்ல நான் சொன்னது பொய். எனக்குத் தெரியும். அது நல்ல கீரை. தொய்யக்கீரையத் தவிர வேற ஒரு எல அதுல கெடையாது. மேல மருந்து கெடந்தது. ட்ரோன்ல அடிச்சிருக்காவ. அந்த மனுசன் எங்கிட்ட ஒத்துக்கிட்டாரு. ஒனக்காகத்தான் அப்பிடிச் சொன்னேன். நான் உள்ள போயிட்டா நீ...”

“அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்ன.”

“பொய்யிட்டி அது.”

“அப்பத் தெரிஞ்சுதான் பறிச்சியா?”

கல்யாணசுந்தரியின் பிடியிலிருந்து பை நழுவியது.

“எதம்மா நான் நம்பட்டும்?” பிரித்திகாவின் குரல் உடைந்தது. “அவ்வளவு பேருக்கு முன்னாடி எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும்னு நான் சொன்னேன். நீ தெரியாதுன்னு சொன்ன. சரி, தெரியாமத்தான் அப்பாவப் போக வச்சுட்டான்னு மனசத் தேத்திக்கிட்டேன். இப்பத் தெரியும்னு சொல்லுத. நான் என்னதாம்மா செய்ய?”

“வா. வந்து பாரு. அந்த வரப்ப நீயே பாரு. திங்கிற கீரைதான் அங்கன நிக்கும், வெசத்தழை ஒண்ணும் முளைக்காது. வாட்டி, ஒங்காலுல விழுதேன்.”

பாதி இழுத்துக்கொண்டும் பாதி கெஞ்சிக்கொண்டும் மகளைக் காட்டுக்குக் கூட்டிப் போனாள். காலில் மண் அப்பியது, வழிக்க நிற்கவில்லை. மக்காச்சோளம் ஆள் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. திருப்பத்தில் திரும்பியதும் கல்யாணசுந்தரி நின்றுவிட்டாள்.

வரப்பு முழுக்கக் கருகிக் கிடந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பச்சை இல்லை. தொய்யக்கீரை, சாரணத்தி, காய்க்க இருந்த அதலைக்கொடி எல்லாம் நெருப்பு வைத்ததுபோலச் சுருண்டு மண்ணோடு ஒட்டியிருந்தன. தொட்டால் பொடியாக உதிர்ந்தன. எது எந்தச் செடி என்று அவளாலேயே சொல்ல முடியாது.

மோட்டார் கொட்டகையிலிருந்து கோபாலசாமி இறங்கி வந்தார். பிரித்திகாவைப் பார்த்ததும் துண்டை இடுப்புக்கு இறக்கினார்.

“களைக்கொல்லி அடிச்சு விட்டேன் தாயி. வரப்பு பூரா. இனிமே யாரும் அறியாமப் பறிச்சிரக் கூடாதுல்லா.”

“அண்ணாச்சி, எம்புள்ளைட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்ததுன்னு. போலீஸ்ட்ட வேண்டாம். ஊருக்கும் வேண்டாம். இவட்ட மட்டும்.”

கோபாலசாமி அந்தப் பெண்ணைப் பார்த்தார். உதடு அசைந்தது. கண்ணில் நீர் கட்டியது. பிறகு அவர் பார்வை ரோட்டுப் பக்கம் போயிற்று; அங்கே களையெடுக்கப் போகிற பெண்கள் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அறியாம நடந்துட்டும்மா” என்றார் பிரித்திகாவிடம். “ஒங்கம்மாவ ஒண்ணும் சொல்லாத.”

திரும்பி மக்காச்சோளத்துக்குள் போய்விட்டார். தோகை அசைவது நிற்கும்வரை தாயும் மகளும் அப்படியே நின்றார்கள்.

“வாம்மா, வீட்டுக்குப் போவோம்” என்றாள் பிரித்திகா. சித்தம் கலங்கியவரிடம் பேசுகிறதுபோல மெதுவாகச் சொன்னாள். தாயின் கையைப் பிடித்து ஈரத்தில் வழுக்காமல் நடத்திக் கூட்டி வந்தாள். வாசலில் அவள் காலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள்.

கழுகுமலைப் பஸ் வந்தபோது மழை பிடித்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மகளின் முகம் கண்ணாடி வழியாகச் சரியாகத் தெரியவில்லை. கல்யாணசுந்தரி பஸ் போனபிறகும் ரோட்டில் நின்றாள்.

திரும்பும்போது ஓடைப் பாலத்துக்குக் கீழே, யார் காடும் இல்லாத புறம்போக்கில், தொய்யக்கீரை நிற்பதைப் பார்த்தாள். கீழே இறங்கி, செடியை விலக்கிப் பார்த்தாள். வெட்டுக்கிளி துள்ளி முழங்காலில் அடித்தது. பூ வைக்காத நுனியாகப் பார்த்துக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அலசினாள். வேகவைத்துக் கடைந்தாள். ஒரு தட்டு நிறையச் சோறு போட்டுக் கீரையை ஊற்றிப் பிசைந்து, ஆள் இல்லாத வீட்டில் உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாள். தின்றுவிட்டுக் கை கழுவாமல் சுவரில் சாய்ந்து காத்திருந்தாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.